வக்கீல் பதில்: குரூப்பில் வந்த புகாரை அட்மின் அழிக்கலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் டெக்னீஷியன்கள், கெமிக்கல் சப்ளையர்கள், சில முதலாளிகள் என்று நானூறு பேருக்கு மேல் உள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். போன மாதம் ஒரு தம்பி, ஒரு கம்பெனியின் ஃபேட் லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவை) போட்ட லாட்டில் குரோம் சிக்ஸ் (நச்சு வகைக் குரோமியம்) அதிகமாக வந்து, பையர் சரக்கைத் திருப்பிவிட்டார் என்று லேப் ரிப்போர்ட்டோடு எழுதினார். கடைசி வரியில் 'இவனுங்க கலப்படக்காரனுங்க, திருட்டுப் பசங்க' என்று சேர்த்துவிட்டார். கம்பெனி ஆள் போன் செய்து, 'உடனே எடுங்க பாய், இல்லைன்னா உங்க மேலேயே ஐ.டி. ஆக்ட் 66ஏ-ல கேஸ் போடுவோம், போலீஸ் வரும்' என்றார். பயந்து எடுத்துவிட்டேன். முன்பு ஒருமுறை பாலாற்றில் நுரை ஓடும் வீடியோ ஒன்றையும் இப்படித்தான் எடுத்தேன். இப்போது பாதிப் பேர் 'கருத்துச் சுதந்திரம் எங்கே' என்று சண்டை பிடிக்கிறார்கள். நான் செய்தது சரியா? மற்றவர் எழுதுவதற்கு நான் ஜெயிலுக்குப் போவேனா? பேசாமல் குரூப்பைக் கலைத்துவிடலாமா? எங்கள் வருடச் சந்திப்புக்குச் சாப்பாட்டுச் செலவை ஏற்பது அந்தக் கம்பெனிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழித்த பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: பாய், முதலில் அந்த 66ஏ பயத்தை விடுங்கள். ஆன்லைனில் புண்படுத்தும்படி எழுதினால் ஜெயில் என்று சொன்ன அந்தப் பிரிவு இப்போது உயிரோடு இல்லை. 2012-ல் மும்பைக்குப் பக்கத்தில் பால்கரில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்ட பெண்ணையும், அதற்கு லைக் போட்ட பெண்ணையும் கைது செய்தார்களே, அதையொட்டித் தொடர்ந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 24.3.2015 அன்று அந்தப் பிரிவை முழுசாக ரத்து செய்தது. ஸ்ரேயா சிங்கால் வழக்கு என்பார்கள். அதற்குப் பிறகும் பல காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்ததால், இனி யார் மீதும் இதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, உங்களை மிரட்டியவர் எந்த வக்கீலையும் கேட்டுவிட்டு மிரட்டவில்லை.

மற்றவர் எழுதுவதற்கு நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் போக மாட்டீர்கள். இதில் உயர் நீதிமன்றங்கள் பலவும் ஒரே திசையில்தான் சொல்லியிருக்கின்றன. குரூப் அட்மின் மீது அவதூறு வழக்குப் போடுவது, பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்த கம்பெனியைப் பிடிப்பது மாதிரி என்று 2016-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் கேலியாகச் சொன்னது. உறுப்பினர் போட்டதற்கும் அட்மினுக்கும் பொதுவான உள்நோக்கம் இருந்தது என்று காட்டினால் ஒழிய அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தீர்ப்பளித்தது. அட்மினுக்கும் உறுப்பினர்களுக்கும் முதலாளி-தொழிலாளி உறவு எதுவும் கிடையாது என்றது 2022-ல் கேரள உயர் நீதிமன்றம்.

நமக்கு நெருக்கமானது மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிந்திருந்தார்கள். (சட்டம் படித்தவர்கள் குரூப்பிலேயே இந்த நிலைமை என்றால் மற்ற குரூப்புகளைக் கேட்க வேண்டாம்.) அவர் செய்தது அட்மின் வேலை மட்டும்தான் என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்கிவிட வேண்டும், வேறு ஆதாரம் ஏதாவது கிடைத்திருந்தால் அவர் வழக்கைச் சந்திக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த 'வேறு ஆதாரம்' என்பதில் கவனமாக இருங்கள். அவதூறான பதிவை நீங்களே இன்னொரு குரூப்புக்கு அனுப்பினால், 'கரெக்டா சொன்னே' என்று அதன் கீழே எழுதினால், அப்போது உங்களை யாரும் வெறும் அட்மினாகப் பார்க்க மாட்டார்கள். ஃபார்வர்டு செய்தவரும் பொறுப்புத்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

சரி, கருத்துச் சுதந்திரம். அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் உரிமை முதன்மையாக அரசாங்கத்தை நோக்கியது. தனியாருக்கு எதிராகவும் அதைக் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் குரூப்பில் சட்டம் பேசும் யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன். அதற்காக, தொழில் பேச என்று ஒருவர் தொடங்கிய குரூப்பில் எது இருக்கலாம், எது கூடாது என்று அவர் முடிவு செய்யும் உரிமை போய்விடவில்லை. பதிவை எடுக்கலாம், ஆளையும் எடுக்கலாம். 'என் பதிவை அழித்தார்' என்று யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அழிக்க உரிமை இருக்கிறது என்பதால் அழித்தது சரியாகிவிடாது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மொத்தம் நான்கு வரி. எந்த ஃபேட் லிக்கர், எந்தத் தேதியில் எந்த லாட்டுக்குப் போட்டது என்பது முதல் வரி. சோதனையில் குரோம் சிக்ஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியது என்பது இரண்டாவது. பையர் சரக்கை மறுத்தது மூன்றாவது. வசை நான்காவது வரியில்தான் இருக்கிறது. போயிருக்க வேண்டியது அந்த நான்காவது வரி மட்டும்தான். முதல் மூன்றும் இருந்திருக்க வேண்டும். உங்கள் குரூப்பில் யாராவது எதையாவது எழுத வேண்டும் என்றால் அந்த மூன்று வரியைத்தான் எழுத வேண்டும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். அவதூறுக் குற்றம் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. கம்பெனிக்கும் மானம் உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது, ஆகவே கம்பெனி வழக்குப் போட முடியாது என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. ஆனால் இதற்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு வீட்டுக்கு வர முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்டிரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். 'போலீஸ் வரும்' என்றதும் காற்றில் விட்ட மிரட்டல்தான்.

அந்தப் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை முதலாவது. ஒன்பதாவதுக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம், 'இன்னார் கைக்காசு கொடுத்தால்தான் சரக்கு கொடு, அவர் நாணயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்கிறார். தன் நலனைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. 1860-ல் எழுதிய உதாரணம், புதுச் சட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். பத்தாவது விதிவிலக்கு இன்னும் நேரடியானது: கேட்பவரின் நன்மைக்காக ஒருவரைப் பற்றி எச்சரிப்பது. 'இந்த ஃபேட் லிக்கரைப் போடுமுன் ஒரு லாட் டெஸ்ட் பண்ணிப் பாருங்க' என்று ஒரு டெக்னீஷியன் நானூறு டெக்னீஷியன்களிடம் சொல்வது இதற்குள்தான் வரும்.

இதெல்லாம் நல்லெண்ணத்தோடு சொன்னதாக இருக்க வேண்டும். மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் மட்டும் கோர்ட் விட்டுவிடாது, உரிய கவனத்தோடு விசாரித்துச் சொன்னாரா என்று கேட்கும். அங்கேதான் அந்தத் தம்பி வைத்த லேப் ரிப்போர்ட் அவருக்குக் கவசம். 'திருட்டுப் பசங்க' என்பதற்கு எந்த லேபிலும் ரிப்போர்ட் கிடைக்காது. அந்த ஒரு வரிதான் அவரையும் சிக்கலில் விடும், எதிராளிக்கும் பிடி கொடுக்கும்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கலாம் என்பதை நீங்களே அறிவீர்கள், உங்கள் தொழில். தோல் வழக்குகளில் நிபுணர்கள் சாட்சி சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். மீன் எண்ணெய் மாதிரியான எண்ணெயில் செய்த ஃபேட் லிக்கரால் குரோம் சிக்ஸ் கூடலாம். தோலில் உள்ள அமிலத்தைத் தணிக்கும் நியூட்ரலைசேஷனில் பி.எச். (அமில-கார அளவு) ஏறிப்போனாலும் கூடலாம், சூட்டிலும் வெயிலிலும் தோலை வைத்திருந்தாலும் கூடலாம். ஆக, தப்பு தோலைப் பதனிடும் டிரம்மிலா, குடோனிலா, கெமிக்கல் கேனிலா என்று அந்த ஒரு ரிப்போர்ட் சொல்லிவிடாது. 2015 மே முதல் ஐரோப்பாவில் இந்த 3 மில்லிகிராம் வரம்பு இருக்கிறது. ஷூ ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஊரில் இது சாதாரண விஷயமா? கம்பெனியின் கெமிஸ்ட் அதே குரூப்பில் வந்து, 'எங்கள் பேட்ச் ரிப்போர்ட் இது, நீங்கள் பி.எச். என்ன வைத்தீர்கள்?' என்று கேட்டிருந்தால் நானூறு பேரும் ஒரு பாடம் கற்றிருப்பார்கள். பதிவை அழித்ததால் கம்பெனிக்கும் பதில் சொல்லும் இடம் போயிற்று. இப்போது அந்த ஸ்கிரீன்ஷாட், கம்பெனி பதிலே இல்லாமல், கெட்ட வார்த்தையோடு, எத்தனை குரூப்பில் சுற்றுகிறதோ.

சாப்பாட்டுச் செலவு விஷயத்தை நீங்கள் கடிதத்தின் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வருடத்துக்கு ஒருநாள் சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் போடுகிறவர் கேட்டதும் பதிவு போய்விட்டது. இதே புகார் செலவு ஏற்காத கம்பெனியைப் பற்றி வந்திருந்தால் எடுத்திருப்பீர்களா? உறுப்பினர்கள் கருத்துச் சுதந்திரம் என்று கத்துவது சட்டப்படி தப்பான வார்த்தையாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொள்ளுங்கள். முடியாது என்றால், செலவு யாருடையது என்பதைக் குரூப்பில் வெளிப்படையாகப் போட்டுவிட்டு, அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட புகார் எதிலும் நீங்கள் கை வைக்காமல் இன்னொரு அட்மினிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று அட்மின் வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். எல்லாரும் சப்ளையராகவோ எல்லாரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவர்களாகவோ இருக்கக் கூடாது. டிரம் பக்கம் நிற்கிற ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

பாலாற்று வீடியோவை நீங்கள் எடுத்ததில் எனக்கு வருத்தம்தான். நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். இந்தப் பக்கத்து டேனரிகளும் பாலாறும்தான் அந்த வழக்கே. அப்படிப்பட்ட ஊரில் தோல்காரர்கள் குரூப்பில் ஆற்று நுரை பேசக்கூடாத பொருளா? வீடியோ எடுத்த தேதி, இடம் இரண்டையும் போடச் சொல்லுங்கள். 'இன்ன டேனரி தண்ணீர்தான் இது' என்று கண்ணால் பார்க்காமல் பெயர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொட்டிச் சுவரில் விரிசல் என்று ஒருவர் போட்டோ போட்டால், அது எந்த முதலாளிக்கு எரிச்சலாக இருந்தாலும் அழிக்காதீர்கள். தவறான யோசனைக்கும் இதே கறார் வேண்டும். சல்ஃபைடு போட்ட சுண்ணாம்புத் தண்ணீரோடு அமிலத் தண்ணீரைக் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பி, குழியில் இறங்கினவர் சுருண்டு விழுந்துவிடுவார். அனுபவம் இல்லாத ஒருவர் 'இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாம்' என்று குரூப்பில் சொன்னால், சும்மா அழித்தால் போதாது, ஏற்கெனவே படித்தவர் படித்திருப்பார். அது ஏன் தப்பு என்று உங்கள் பெயரில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

மத ஃபார்வர்டு, சாதி ஃபார்வர்டு, தேர்தல் சண்டை இவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தொழில் குரூப்பில் வந்தால் யோசிக்காமல் எடுங்கள், அதில் விவாதமே வேண்டாம்.

இப்போது நடந்ததைச் சரி செய்யும் வேலை. அந்தத் தம்பியிடம் பேசுங்கள். நான்காவது வரியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ரிப்போர்ட்டோடு மறுபடி போடச் சொல்லுங்கள். போட்ட பதினைந்து நிமிடத்துக்குள்தான் வாட்ஸ்அப்பில் திருத்த முடியும், ஆகவே பழையதை ஒட்டுப்போட முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். கம்பெனி ஆளிடமும், பதில் இருந்தால் அதே இடத்தில் போடலாம், உங்கள் பதிலையும் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் குரூப்பில் நீங்கள் ஒரு செய்தி போடுங்கள். இந்த மாதிரி இருக்கட்டும்:

'போன மாதம் ஃபேட் லிக்கர் பற்றிய பதிவை நான் எடுத்தேன். அதில் வசைச்சொல் இருந்தது, அதனால் முழுப் பதிவையும் எடுத்துவிட்டேன். புகார் பகுதியை எடுத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பெனி நம் வருடச் சந்திப்புக்குச் செலவு செய்கிறது என்பதையும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். இனி சரக்கு, கெமிக்கல், மெஷின், பாதுகாப்பு பற்றிய புகார் தேதி, லாட் விவரத்தோடு வந்தால் இருக்கும். ஆளைத் திட்டினால், வீட்டாரை இழுத்தால், போகும். எடுத்தால் யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒரு வரி எழுதுவோம்.'

கடைசி வாக்கியம் முக்கியம். குரூப்பில் பதிவு காணாமல் போவதைவிட, ஏன் போனது என்று தெரியாததுதான் ஆட்களைக் கொதிக்க வைக்கிறது. 'கடைசி வரியில் வசை இருந்ததால் எடுத்தேன், புகாரை மட்டும் மறுபடி போடலாம்' என்று அன்றைக்கே எழுதியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தத் தம்பி மீதோ உங்கள் மீதோ வழக்கு வந்தால், அந்தப் பதிவில் ரிப்போர்ட் இருந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம். அதை எந்த குரூப்பிலும் பகிர வேண்டாம்.

குரூப்பைக் கலைக்க வேண்டாம். உங்களுக்கு அலுத்துவிட்டது என்றால் அட்மின் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உறுப்பினராக இருங்கள். கலைத்தால் நானூறு பேரும் நான்கு குரூப்பாகப் பிரிவார்கள், அதில் ஒன்றை அந்தக் கம்பெனியே நடத்தும். அங்கே குரோம் சிக்ஸ் பற்றி யார் பேசுவார்கள்?

கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்தால், 'ஆட்சேபணை எந்த வரிக்கு, ஏன் என்று எழுத்தில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள். அப்படி எழுதி வந்தால், வசை வரி உள்ள பதிவு ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து அன்றே எடுத்துவிடுங்கள். தெரிந்தும் விட்டுவைத்தார் என்று சொல்லி உங்களையும் வழக்கில் சேர்த்து இழுக்கப் பார்ப்பார்கள். ஜெயிப்பார்களா என்பது வேறு, வாய்தா வாய்தாவாக அலையப்போவது நீங்கள்தான். கோர்ட் உத்தரவு வந்தால் அதன்படி நடங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் கவரைத் தூக்கிப் போடாமல், கைக்கு வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி, அந்த ஸ்கிரீன்ஷாட், லேப் ரிப்போர்ட் இரண்டோடும் உங்கள் பக்கத்து வக்கீல் யாரையாவது அந்த வாரமே பாருங்கள். அதுவரை நீங்களாகப் பதில் எழுத வேண்டாம்.